சிறுவர்களுக்கான தகவல் புத்தகங்களை எந்த அளவு நம்பலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். மதுரைப் புத்தகத் திருவிழாவில் 9 வயது மகனுக்கும் 6 வயது மகளுக்குமாக உலக வரலாறு, உலக மக்கள், விலங்குகள் என்று ஒரு மூட்டை புத்தகம் வாங்கி வந்தீர்கள். நீலத் திமிங்கிலத்தின் இதயம் கார் அளவு இருக்கும், 600 கிலோவுக்கு மேல் எடை என்கிறது ஒரு புத்தகம். 180 கிலோ என்கிறது இன்னொன்று. "எதும்மா சரி?" என்று பையன் கேட்கிறான். கூடவே, உங்கள் அப்பா சேர்த்து வைத்த பழைய புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திமிங்கிலம் ஒரு சாக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தத் துறையிலும் நிபுணர் அல்லாத ஒரு தாய், இப்படிப்பட்ட புத்தகத்தில் எதை நம்பலாம், எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் உண்மையான கேள்வி அதுதானே?

நான் பல வருடங்களாகச் சிறுவர்களுக்கான தகவல் புத்தகங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலையிலும், வந்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் வேலையிலும் இருக்கிறேன். வரலாற்று ஆய்வாளர் அல்ல, விலங்கியல் படித்தவரும் அல்ல. ஒரு பக்கத்தில் எது இடிக்கிறது, தவறு எங்கே ஒளிந்திருக்கும் என்பது பழக்கத்தில் தெரியும். அதற்கு மேல் அந்தந்தத் துறைக்காரர்களைத்தான் கேட்பேன். இந்தப் பதிலையும் அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இதயம். 180 கிலோ சொல்லும் புத்தகத்தின் பக்கம் நில்லுங்கள். 2014ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் இறந்த நீலத் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. டொரன்டோவில் உள்ள ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தார் அதன் இதயத்தை வெட்டி வெளியே எடுத்து, பதப்படுத்தி, 2017ல் காட்சிக்கு வைத்தார்கள். எடை சுமார் 180 கிலோ, உயரம் ஒன்றரை மீட்டர். கார் அளவு, 600 கிலோ என்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் எடுத்து எழுதியதில் பரவிய எண்கள். பெரிய ரத்தக் குழாயில் ஒரு குழந்தை நீந்திப் போகலாம் என்று ஒரு வரி வரும் பாருங்கள், அதுவும் இந்த ரகம்தான். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடை பார்த்தது ஒரே ஒரு திமிங்கிலத்தின் இதயத்தை. அதைவிடப் பெரிய நீலத் திமிங்கிலங்கள் கடலில் உண்டு, அவற்றின் இதயம் இன்னும் கனமாக இருக்கலாம். ஆகவே பையனிடம் "நீலத் திமிங்கிலத்தின் இதயம் 180 கிலோ" என்று சொல்லாதீர்கள். "கனடாவில் கரை ஒதுங்கிய ஒரு நீலத் திமிங்கிலத்தின் இதயத்தை எடுத்து எடை போட்டார்கள், 180 கிலோ இருந்தது" என்று சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியத்தில், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்தே இருக்கிறது. ஒரு புத்தகத்தை எடைபோட நான் முதலில் தேடுவது இதைத்தான்: "இது நமக்கு எப்படித் தெரியும்" என்பதற்கு ஒரு வரியாவது இருக்கிறதா?

சில தகவல்கள் அசையாதவை. மனிதன் நிலவில் கால் வைத்தது 1969 ஜூலையில். எந்த வருடப் புத்தகத்தில் பார்த்தாலும் அது மாறாது. இன்னும் சில, புத்தகம் அச்சாகும்போதே பழசாகிக்கொண்டிருப்பவை. சனிக்கோளின் நிலவுகள் எத்தனை என்பது அப்படி ஒன்று. 2025 மார்ச்சில் ஒரே வீச்சில் 128 புதிய நிலவுகளை அங்கீகரித்தார்கள், கணக்கு 274 ஆனது. அதற்கு முந்தைய மாதம் அச்சான புத்தகத்தைக்கூட இந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. யானையில் ஆசிய யானை, ஆப்பிரிக்க யானை என இரண்டே வகை என்றுதான் நாமெல்லாம் படித்தோம். ஆப்பிரிக்கக் காட்டு யானையைத் தனி இனமாக, அழிவின் விளிம்பில் இருப்பதாக, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டது 2021ல். இந்தியாவில் 1952ல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட சீட்டா, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து குனோ தேசியப் பூங்காவுக்கு வந்து இறங்கியது. வரைபடமும் இப்படித்தான். தெற்கு சூடான் 2011ல் பிறந்தது. சுவாசிலாந்து 2018ல் எஸ்வாத்தினி ஆனது. கடையில் நின்றபடியே ஒரு உலகப்பட நூலின் வயதைக் கண்டுபிடிக்க இந்த இரண்டு நாடுகள் போதும்.

அச்சான வருடத்தைப் பார்த்தால் ஆயிற்றே என்று நினைப்பீர்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பில் "முதல் பதிப்பு 2023" என்று போட்டிருந்தால் அது மொழிபெயர்ப்பு வந்த வருடம். மூலப் புத்தகம் 1997ல் எழுதியதாக இருக்கலாம். தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மூல நூலின் காப்புரிமை ஆண்டு இருக்கும், அதைப் பாருங்கள். அது இல்லவே இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை, "ஆசிரியர் குழு" என்று மட்டும் இருக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்படிப்பட்டவற்றில் நல்ல புத்தகமும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தவறு இருந்தால் பொறுப்பேற்க ஆள் இல்லை என்பது நிச்சயம்.

மொழிபெயர்ப்பில் மட்டும் நடக்கிற ஒரு விபத்தைச் சொல்கிறேன், இது உங்களுக்கு உடனே பயன்படும். ஆங்கிலத்தில் மில்லியன், பில்லியன் என்று எண்ணுவதை நாம் லட்சம், கோடிக்கு மாற்றுகிறோம். ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி. டைனோசர்கள் அற்றுப்போனது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். அவசரத்தில் அது 66 கோடி ஆகிவிடும். 66 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசரும் இல்லை, தரையில் நடமாட வேறு எந்த விலங்கும் இல்லை. பூமியின் வயதும் இதே மாதிரி 454 கோடியிலிருந்து 45 கோடிக்கு இறங்கிவிடும். சில பழைய நூல்களில் 6.5 கோடி என்று இருக்கும். அது தவறல்ல, பிறகு கணிப்பு கொஞ்சம் நுட்பமாகி 6.6 ஆகியிருக்கிறது. இன்னொரு வழக்கமான இடறல், "4,500 ஆண்டுகளுக்கு முன்" என்பதை "கி.மு. 4500" என்று எழுதிவிடுவது. கிசாவின் பெரிய பிரமிடு இப்படி ஒரே வரியில் இரண்டாயிரம் ஆண்டு முன்னால் போய்விடும். ஆகவே கையில் எடுத்ததும் டைனோசர் பக்கத்தையும் பிரமிடு பக்கத்தையும் திறந்து இந்த இரண்டு எண்களைப் பாருங்கள். அவை தப்பாக இருந்தால் அந்தப் புத்தகத்தை யாரும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று வெளியே அவ்வளவாகத் தெரியாத விஷயம். வண்ணப் படங்கள் நிறைந்த பெரிய சைஸ் புத்தகங்களைப் பல மொழிகளுக்குச் சேர்த்து ஒரே இடத்தில் அச்சடிப்பது வழக்கம். வண்ணப் படங்களின் தகடுகள் எல்லா மொழிக்கும் பொது. எழுத்து இருக்கும் கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவார்கள். படம் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது என்பதால், ஆங்கிலத்தில் நாலு வரி இருந்த கட்டத்துக்குள்தான் தமிழும் அடங்க வேண்டும். நம் சொற்கள் நீளம். என்ன நடக்கும்? எதையாவது வெட்ட வேண்டும். பெயரை வெட்ட முடியாது, எண்ணை வெட்ட முடியாது. "என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்", "இருக்கலாம்", "இதுவரை கிடைத்த சான்றுகளின்படி" என்பவைதான் முதலில் போகும். மூலத்தில் சந்தேகத்தோடு சொன்ன ஒன்று தமிழில் சத்தியவாக்காக வந்து நிற்கும். இதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய பாதி விஷயம் போய்விடுகிறது. ஒரு பக்கம் முழுக்க ஒரு "இருக்கலாம்" கூட இல்லாத ஆதிமனிதன் அத்தியாயத்தைப் பார்த்தால் இப்படித்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டைனோசர் புத்தகங்களில் எழுத்தைவிடப் படம்தான் அதிகம் ஏமாற்றும். ஓவிராப்டர் கதையை உங்கள் பையனுக்குச் சொல்லுங்கள், பிடிக்கும். 1920களில் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் முட்டைக் குவியலின் மேல் ஒரு டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. முட்டைகள் வேறொரு டைனோசருடையவை, இது திருட வந்து செத்திருக்கிறது என்று முடிவுகட்டி, 1924ல் முட்டைத் திருடன் என்று பொருள்படப் பெயரையே வைத்துவிட்டார்கள். 1993ல் அதே பாலைவனத்தில் அந்த மாதிரி முட்டை ஒன்றுக்குள் கரு கிடைத்தது. பார்த்தால் அது ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு! பிறகு, கூட்டின் மேல் கோழி அடைகாப்பது போல உட்கார்ந்த நிலையிலேயே எலும்புக்கூடுகளும் அகப்பட்டன. திருட வரவில்லை, சொந்த முட்டையைக் காத்திருக்கிறது. அறிவியல் பெயரை மாற்ற விதி இடம் கொடுக்காது என்பதால் திருட்டுப் பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் வாயில் முட்டையோடு ஓடும் ஓவிராப்டர் படம் இன்னும் புதுப் புத்தகங்களில் வருகிறது, ஏனென்றால் பதிப்பகத்தின் கையிருப்பில் இருக்கும் பழைய ஓவியத்தைத் திரும்பப் பயன்படுத்தினால் செலவு மிச்சம். வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் டைரனோசரஸும் அப்படித்தான். வாலைக் கிடையாக நீட்டி, உடலைச் சமநிலையில் வைத்துத்தான் அது நடந்தது என்பது இன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொள்வது. நிறம் விஷயத்தில் மட்டும் பெரும்பாலும் ஓவியர் வைத்ததுதான் சட்டம். சீனாவில் 1996ல் வெளிவந்த இறகுள்ள சைனோசராப்டெரிக்ஸ் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இறகில் எஞ்சிய நிறமித் துணுக்குகளை வைத்து நிறத்தைக் கணித்திருக்கிறார்கள். அதன் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்தன என்று 2010ல் அறிவித்தார்கள். இதைச் சொல்லி, "மற்றவற்றின் நிறம் ஓவியரின் ஊகம்" என்று ஓரத்தில் ஒரு வரி போட்ட புத்தகம் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கிவிடுங்கள்.

உலக வரலாற்றுக்கு வருவோம். கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு வைக்கிங் என்ற வட ஐரோப்பியக் கடலோடி வீரர்கள், நிலவிலிருந்து தெரியும் சீனப் பெருஞ்சுவர், பூமி தட்டை என்று எல்லோரும் நம்பிய காலத்தில் உருண்டை என்று காட்டப் புறப்பட்ட கொலம்பஸ். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் எழுதியவர் சரிபார்க்காமல் எழுதியிருக்கிறார். கொம்பு, 1876ல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்காகத் தைத்த உடைகளோடு பிரபலமானது. வைக்கிங் காலத்துக் கவசம் எதிலும் கொம்பு கிடைத்ததில்லை. சீனப் பெருஞ்சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று 2003ல் விண்வெளிக்குப் போய் வந்த முதல் சீன வீரர் யாங் லிவெய்யே சொல்லிவிட்டார், அவர் நிலவுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. பூமியின் சுற்றளவைக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் எகிப்தில் இருந்தபடியே கணக்கிட்டது கொலம்பஸுக்கு 1,700 ஆண்டுகள் முன்னால்.

இவையெல்லாம் தூசி தட்டுகிற வேலை. நல்ல பக்கம் எப்படி இருக்கும் என்பதற்குப் பிரமிடையே எடுத்துக்கொள்வோம். சாட்டையோடு மேற்பார்வையாளன், முதுகு வளைந்து கல் இழுக்கும் கூட்டம், கீழே "ஒரு லட்சம் அடிமைகள் இருபது ஆண்டு உழைத்தனர்". இது பழைய பக்கம். அந்த எண்ணிக்கை கிரேக்கரான ஹெரோடோட்டஸிடமிருந்து வருவது. அவர் எழுதியதே பிரமிடு கட்டி இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து. புதிய பக்கத்தில் ஆள் எண்ணிக்கை முன்னால் வராது, தோண்டிய இடம் வரும். கிசாவில் பிரமிடுகளுக்குத் தெற்கே வேலையாட்கள் தங்கிய ஊர், அங்கே ரொட்டி சுட்ட மண் அச்சுகள், அவர்கள் தின்று போட்ட மாட்டெலும்பு, ஆட்டெலும்பு. 1990 முதல் பக்கத்திலேயே அவர்களின் கல்லறைகளும் கிடைத்தன. அரசனின் பிரமிடுக்கு அருகே அடிமைகளைப் புதைப்பார்களா என்று கேட்டு அந்தப் பக்கம் முடியலாம். அதைவிட அருமை, 2013ல் செங்கடல் கரையில் வாடி அல்ஜார்ஃப் என்ற இடத்தில் கிடைத்த பாப்பிரஸ் தாள்கள். மெரெர் என்ற குழுத்தலைவர், பெரிய பிரமிடைக் கட்டுவித்த குஃபு மன்னன் காலத்தில், துரா என்ற இடத்தின் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி நைல் வழியே கிசாவில் கொண்டு இறக்கியதைத் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறார். பிரமிடு கட்டிய ஒருவரின் வேலைக் குறிப்பேடு நம் கைக்கு வந்திருக்கிறது! ஒன்பது வயதுப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதற்காக "அவர்கள் அடிமைகள் அல்ல, சம்பளத்துக்கு வந்த மகிழ்ச்சியான தொழிலாளர்கள்" என்று எதிர்ப்பக்கம் சாயும் புத்தகமும் சரியில்லை. சந்தையில் விலைக்கு வாங்கிய அடிமைகள் என்பதற்குச் சான்று இல்லை, அவ்வளவுதான். அரசன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் ஒரு விவசாயி வரமாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது.

நிச்சயமும் சந்தேகமும் பின்னிக் கிடக்கிற இடத்துக்கு ஒரு உதாரணம், பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவு என்கிற ராப்பா நூயி. சிறுவர் புத்தகங்களில் அந்தக் கதை ஒரு நீதிக்கதையாகவே வரும். தீவு மக்கள் பெரிய பெரிய கற்சிலைகளை நகர்த்த மரங்களை எல்லாம் வெட்டினார்கள், மண் போனது, பஞ்சம் வந்தது, ஒருவரை ஒருவர் கொன்றார்கள், வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே அழிந்தார்கள். ஆகவே குழந்தைகளே, மரம் வளர்ப்போம். இதில் காடு மறைந்தது உண்மை, மண்ணடுக்கில் கிடைத்த மகரந்தமே அதற்குச் சாட்சி. காட்டை அழித்ததில் மனிதனுக்கு எவ்வளவு பங்கு, மனிதனோடு படகில் வந்து பனங்கொட்டைகளைத் தின்ற எலிகளுக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை. மக்கள்தொகை முன்பே சரிந்தது என்ற பகுதிதான் இன்றைக்கு மிகவும் ஆட்டம் கண்டிருக்கிறது. அந்தத் தீவின் 15 பேருடைய பழைய எலும்புகளின் மரபணுவைப் படித்து 2024ல் வெளியான ஆய்வில், 1600களில் அப்படி ஒரு பெரிய சரிவு நடந்த தடயமே இல்லை. டச்சுக்காரர்கள் வந்தது 1722ல். அதற்குப் பிறகு நடந்ததில் சந்தேகம் கிடையாது. 1862 முதல் பெரு நாட்டிலிருந்து வந்தவர்கள் தீவு மக்களை அடிமை வேலைக்குப் பிடித்துப் போனார்கள், திரும்பி வந்த சிலரோடு பெரியம்மையும் வந்தது, 1877ல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். நிச்சயமான இந்தப் பகுதி சிறுவர் புத்தகத்தில் பெரும்பாலும் இருக்காது. சர்ச்சைக்குரிய முதல் பாதி மட்டும் முழு வண்ணத்தில் இருக்கும். ஒரு வரலாற்றுப் பக்கம் கடைசியில் அழகாக ஒரு நீதியில் போய் முடிந்தால், அந்த நீதிக்காக எதையோ மறைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது என் வழக்கம்.

"உலக மக்கள்" வகைப் புத்தகங்கள்தான் மூன்றிலும் பலவீனமானவை என்பேன். பக்கத்துக்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு உடை, ஒரு உணவு, ஒரு வீடு. வடதுருவப் பக்கம் வாழும் இன்யூட் மக்களின் குழந்தை என்றால் பனிக்கட்டி வீட்டு வாசலில் நிற்கும். ஆனால் பனிவீடு பல பகுதிகளில் வேட்டைக்குப் போகும்போது கட்டிக்கொள்ளும் தற்காலிகத் தங்கல். இன்றைய இன்யூட் குழந்தை ஹீட்டர் போட்ட மரவீட்டில் இருந்து பள்ளிக்குப் போகிறது. கனடாவில் 1999ல் நுனாவுட் என்று அவர்களுக்கென்றே ஒரு நிலப்பகுதி அமைந்ததையும் அந்தப் பக்கம் சொல்லாது. இந்த வகையில் நான் முதலில் பார்ப்பது வினைச்சொல்லின் காலத்தை. உயிரோடு இருக்கும் ஒரு மக்களைப் பற்றி "வாழ்ந்தார்கள், வழிபட்டார்கள்" என்று இறந்த காலத்தில் எழுதியிருந்தால் எச்சரிக்கையாகிவிடுவேன். மாயா மக்கள் மர்மமாக மறைந்துபோனார்கள் என்று எத்தனை புத்தகம்! கைவிடப்பட்டவை சில நகரங்கள். மாயா மொழிகளைப் பேசுகிறவர்கள் குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் இன்றைக்கும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 1992ல் அமைதிக்கான நோபல் வாங்கிய ரிகோபெர்த்தா மெஞ்சு அவர்களில் ஒருவர். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவுப் பழங்குடிகள் 1876ல் ட்ருகனினி என்ற பெண் இறந்ததோடு முடிந்துபோனார்கள் என்பதும் இதே மாதிரிதான். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருந்துகொண்டு, "நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆப்பிரிக்காவுக்கு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். 54 நாடுகளுக்கு இரண்டு பக்கம், அதில் ஒன்று சிங்கம் என்றால் அந்தப் புத்தகத்தின் பெயரில் "உலக" என்று இருப்பது வெறும் அலங்காரம். நான் தேடுவது, ஆப்பிரிக்காவின் தெற்கில் இருக்கும் கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய கல் நகரம் இருக்கிறதா என்பதை. சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் கருங்கல்லை அடுக்கி எழுப்பிய பெரும் சுவர்கள். இதைக் கறுப்பின மக்கள் கட்டியிருக்க முடியாது, மத்தியதரைக்கடல் கரையின் பழைய வணிகர்களான ஃபினீஷியரோ அரபியரோ கட்டியிருக்க வேண்டும் என்று ஐரோப்பியர்கள் அடித்துச் சொன்னார்கள். 1905ல் ராண்டல் மக்ஐவர் என்பவரும் 1929ல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்ற தொல்லியலாளரும் தோண்டிப் பார்த்து, கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று நிறுவினார்கள். அதற்குப் பிறகும், ரொடீசியா என்ற பெயரில் அந்த நாட்டை ஆண்ட வெள்ளை அரசு பழைய கதையையே பரப்பியது. விடுதலை பெற்ற நாடு அந்த இடத்தின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. எப்படித் தெரிந்துகொண்டோம், யார் மறைக்கப் பார்த்தார்கள், யார் காட்டினார்கள் என எல்லாம் ஒரே கதையில் இருக்கிறது. பத்து வயதுக் குழந்தைக்குப் புரியாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, நன்றாகவே புரியும்.

ரோமப் பேரரசுப் பக்கம் வரும்போது மட்டும் புத்தகத்தில் இல்லாத ஒன்றை நீங்கள் சேர்த்துச் சொல்லலாம். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், ரோமர் காலத்துக் கோயில் ஒன்றின் தரையில் புதைத்து வைத்த இந்தியச் சாடியில் ஏழரை கிலோ மிளகு அகழாய்வில் கிடைத்தது. மிளகு விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம். அதே செங்கடல் கரையில் அங்கிருந்து வடக்கே இருக்கும் குசேர் அல்காதிமில் தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடும் அகப்பட்டது. எங்கோ நடந்த கதை என்று பையன் நினைத்துக்கொண்டிருந்தால் நிமிர்ந்து உட்காருவான்.

இனி உங்கள் அப்பாவின் புத்தகங்கள். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற மாதிரியும் வைக்காதீர்கள். தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட, பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம் அதில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். 1968 தொடங்கி 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அறிவியலைக் குழந்தைக்குத் தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே சொன்ன வேலை அது, மொழிபெயர்ப்பு வாடையே இருக்காது. அதன் நடைக்காகவே வைத்துக்கொள்ள வேண்டும். தகவல் பழசுதான், அதை வைத்தே ஒரு விளையாட்டு ஆடலாம். டைனோசர்கள் ஏன் அழிந்தன என்று அதிலும் புதுப் புத்தகத்திலும் பையனைத் தேடச் சொல்லுங்கள். விண்கல் மோதியது என்ற கருத்தை ஆல்வரெஸ் தந்தையும் மகனுமாகச் சேர்ந்த குழு முன்வைத்ததே 1980ல், மெக்சிகோவில் சிக்சுலுப் பள்ளம்தான் அந்த இடம் என்று அடையாளம் கண்டது 1991ல். ஆகவே 1970களில் அச்சான எந்தப் புத்தகத்திலும் அந்த விடை இருக்க முடியாது. எந்த வருடம் எது தெரிந்திருந்தது என்று அவனே பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டு போகட்டும். நேரு அலகாபாத்திலிருந்து முசோரியில் இருந்த மகள் இந்திராவுக்கு 1928ல் எழுதிய கடிதங்கள் இருந்தால் அதையும் இப்படியே படிக்கலாம். பத்து வயதுப் பெண்ணை மதித்துப் பேசும் அந்தத் தொனி இன்றும் புதுசு. ஆதிமனிதனைப் பற்றிய பகுதிகளுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு புதிய புத்தகம் வேண்டும், ஏனென்றால் ஆப்பிரிக்காவில் கிடைத்த முக்கியமான எலும்புகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு தோண்டியவை.

எதைத் தனியே எடுத்து வைப்பது? மண்டையோட்டு வடிவத்தை வைத்து மனிதர்களை இனம் பிரிக்கும் அத்தியாயம், பழங்குடிகளை "நாகரிகம் அற்றவர்கள்" என்று அழைக்கும் பயணக் கட்டுரை, புலியைச் சுட்டுப் படம் எடுத்துக்கொண்ட வேட்டைக் கதை. இவை பெரியவர்கள் வரலாறாகப் படிக்க வேண்டியவை. பிள்ளை பதின்மூன்று, பதினான்கு வயது ஆனபின் கூட உட்கார்ந்து படிக்கலாம்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். நான் அதிகம் பழகியது எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்கான புத்தகங்களோடு. ஆறு வயதுக்குச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வயதுக்கு "1001 தகவல்கள்" வேண்டாம். ஒரு பக்கத்தில் ஒரு பூச்சி, அது எதைத் தின்னும், எங்கே முட்டையிடும் என்பது போதும். அதுவும் வீட்டு வாசலில் பார்க்கக்கூடிய பூச்சியாக இருந்தால் நல்லது. பனிக்கரடியைவிட ஓணானும் அணிலும் கறிவேப்பிலைச் செடியில் முட்டையிடும் பட்டாம்பூச்சியும் அவளுக்கு நெருக்கம், புத்தகம் சொல்வது சரியா என்று அவளே போய்ப் பார்த்துவிடவும் முடியும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987லிருந்து நடத்தும் துளிர் இதழைப் பையனுக்கு வாங்கலாம், இரண்டு வருடத்தில் அவளும் எட்டிவிடுவாள்.

கடைசியாக, விலை. நல்ல வண்ணப் புத்தகம் ஒன்று இன்றைக்கு எளிதாக ஐந்நூறு, அறுநூறு ரூபாய் ஆகிறது. கண்காட்சிக் கூட்டத்தில் பின்பக்கக் காப்புரிமை ஆண்டு, டைனோசர் எண், பிரமிடு பக்கம் என்று நிதானமாகப் பார்க்க முடியாது, பிள்ளைகளும் இழுப்பார்கள். நீங்கள் மதுரையிலேயே இருப்பதால், நத்தம் சாலையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டிப் போங்கள். இரண்டு பேரும் எதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள் என்று பார்த்து, அதன் பதிப்பு விவரப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதை மட்டும் அப்புறம் வாங்குங்கள்.